பேனரில் பறந்தவர்

என் வீட்டுக்காரரை எங்கள் ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஹீரோ என்றுதான் கூப்பிடுவார்கள். பால் ஊற்றுகிறவர், பங்குச் சாமியார், தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிற கொம்யூன் பஞ்சாயத்து ஆள் என்று எல்லாருக்கும் அவர் ஹீரோதான். வில்லியனூரிலிருந்து கரிக்கலாம்பாக்கம் போகிற ரோட்டில் இறங்கி உள்ளே நடந்து வரவேண்டிய ஊர் எங்களுடையது. மாதா கோயிலைச் சுற்றி நாலைந்து தெரு, அதைத் தாண்டினால் வயல், வயலுக்கு நடுவே கலர்க்கொடி கட்டிக் கல் நட்டு வைத்த மனைகள். அவர் வயர்மேன். வீட்டுக்கு வயரிங் செய்வார், போர் மோட்டாரைக் கழற்றி மாட்டுவார், திருவிழாவுக்கு சீரியல் செட் கட்டுவார்.

இப்போது எதுவும் செய்வதில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் பாண்டிக்குப் போய் டயாலிசிஸ் மெஷினோடு படுத்திருந்துவிட்டு வருகிறார். அவர் விழுந்து விழுந்து பார்த்த சூப்பர் ஹீரோ படங்களுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்று நான் சொன்னால் சிரிக்கிறார்கள். "கிட்னிக்கும் சினிமாவுக்கும் இன்னாடி முடிச்சு போடற?" என்று என் அம்மாவே கேட்டாள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பதால் நான் சொல்வதை யாரும் முழுசாகக் கேட்பதும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கல்யாணமாகி வந்ததும் இந்த வீட்டில் நான் போட்ட முதல் சண்டை ஒரு தகரப் பெட்டிக்காக. கட்டிலுக்குக் கீழே பாதி இடத்தை அது அடைத்துக்கொண்டிருந்தது. திறந்தால் காமிக்ஸ். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கடலூர் பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கிச் சேர்த்ததாம். பக்கமெல்லாம் பழுப்பேறி, மடிப்பெல்லாம் பூச்சி அரித்து, முகமூடி போட்டவர்கள் ஒருவர்மேல் ஒருவர் கிடந்தார்கள். எடைக்குப் போடச் சொன்னேன். புது மாப்பிள்ளையாக நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தவர், அதற்கு மட்டும் ஆட்டவில்லை.

புதுப் பெண்டாட்டியை எல்லாரும் பீச்சுக்குக் கூட்டிப் போவார்கள். என்னை அவர் டப்பிங் படத்துக்குக் கூட்டிப் போனார். வானத்தில் பறக்கிறவனும் லாரியைத் தூக்கி வீசுகிறவனும் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவர்கள்தான், ஆனால் வாயைத் திறந்தால் "இன்னா மச்சான், கலாய்க்கிறியா?" என்றார்கள். தியேட்டரே விசிலடித்தது. நான் பாதியிலேயே தூங்கிவிட்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு முழுக்கதையும் சொன்னார். "அவன் யாருன்னு கடைசி வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. அடி வாங்கியிருப்பான், ரத்தம் வரும், வூட்டுக்கு வந்து சட்டைய மாட்டிக்கினு ஒண்ணுமே நடக்காத மாதிரி சோறு துன்னுவான். அதான் மேட்டரு."

"கண்ணை மட்டும் மறைச்சிக்கினா பெத்த அம்மாவுக்குமா அடையாளம் தெரியாது?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கேட்டது நல்ல கேள்விதான் என்று இப்போது தோன்றுகிறது.

அந்தக் காலத்தில் ஊரில் அவர் ஒருவருக்குத்தான் இந்தப் பைத்தியம். அப்புறம் எல்லார் கையிலும் போன் வந்தது, ஊரே மாறிப் போனது. வில்லியனூர் கடைகளில் மார்பில் சின்னம் போட்ட பனியன் தொங்கியது. பிள்ளைகள் துப்பட்டாவைக் கழுத்தில் கட்டிக்கொண்டு மதில்மேலிருந்து குதித்தார்கள், கையை உடைத்துக்கொண்டார்கள். மனை வாங்கி வீடு கட்டுகிற ஒருவர், திருஷ்டிப் பூசணிக்காய்க்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் முகமூடியையும் சேர்த்துத் தொங்கவிட்டார். எங்கள் கோயிலில் சிறகும் வாளுமாகப் பேயை மிதித்துக்கொண்டு நிற்கிற சம்மனசு சுரூபம் ஒன்று உண்டு. என் மகள் மூன்று வயதில் அதை அண்ணாந்து பார்த்து, "இவரு எந்தப் படத்துல வர்றாரு?" என்று பூசை நேரத்தில் கேட்டாள். முன்வரிசையில் இருந்த கன்னியாஸ்திரிகூடச் சிரித்துவிட்டார்.

அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் என் வீட்டுக்காரர்தான் தலைவர். கதை சொல்லுவார், கிரிக்கெட்டுக்கு லைட் கட்டிக் கொடுப்பார். பிள்ளைகள் வளர்ந்து மீசை வைத்த பிறகும் அவரை விடவில்லை. ஹீரோ என்ற பெயரை அவர்கள்தான் வைத்தார்கள்.

பெயரை வைத்துவிட்டால் அதற்கு ஏற்றபடி இருக்கவேண்டுமே. மழையில் தெருவுக்குள் தண்ணீர் வந்து கம்பி அறுந்து கிடந்தால் ஹீரோவைக் கூப்பிடு. கிணற்றில் மாடு விழுந்தால் ஹீரோவைக் கூப்பிடு. யாருக்கோ பிரசவம், ரத்தம் வேண்டும், ஹீரோவைக் கூப்பிடு. எதற்கும் முடியாது என்று அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. எனக்கும் அதில் பெருமை இருந்தது. நான் வேலை பார்க்கிற கம்பெனி வேனில் போகும்போது பக்கத்து ஊர்ப் பெண்கள், "உங்க வூட்டுக்காரரு மாதிரி ஒருத்தர் எங்க ஊர்ல இல்லியே" என்பார்கள். நான் அலுத்துக்கொள்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உள்ளுக்குள் பூரித்துப் போவேன்.

அவரிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. அதைக் கெட்ட பழக்கம் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை. யாரிடமும் எதையும் வாங்கிக்கொள்ள மாட்டார். பியூஸ் போட்டுக் கொடுத்த வீட்டில் ஒரு டீ தந்தால், இப்போதுதான் குடித்தேன் என்பார். யார் வீட்டிலிருந்தாவது பலகாரம் வந்தால் அந்தப் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்பது எல்லார் வீட்டு வழக்கமும்தான். கொஞ்சம் சர்க்கரையோ நாலு பழமோ போட்டு அனுப்புவோம். இவர் வந்ததைவிட இரண்டு மடங்கு போட்டு அனுப்பச் சொல்வார்.

இதில் அதிகம் அடிபட்டது அவருடைய அக்கா. என் நாத்தனார், புருஷன் விட்டுவிட்டுப் போனதும் இரண்டு பெண்பிள்ளைகளோடு எங்கள் ஊருக்கே திரும்பி வந்தவர். பின்தெருவில் ஷீட் போட்ட வீடு. அந்த வீட்டுக்கு வேண்டிய எல்லாவற்றையும் தம்பிதான் பார்த்தார். பிள்ளைகளின் படிப்பு, பெரிய பெண்ணின் கல்யாணம், மழைக்கு முன்னால் கூரை என்று ஒன்று விடாமல் செய்தார். நாத்தனார் பள்ளிக்கூடத்தில் ஆயம்மா வேலை பார்த்தார். ஏரிக் கெளுத்தி கிடைத்தால் குழம்பு வைத்துத் தம்பிக்கு அனுப்புவார். குழம்புக் கிண்ணம் அன்றைக்கே தேங்காயும் எண்ணெயுமாகத் திரும்பிப் போகும். ஒருநாள் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு என்னிடம் சொன்னார்: "நான் அனுப்பற கிண்ணம் அவன் வூட்ல ஒரு ராத்திரிகூடத் தங்க மாட்டேங்குது பாரு." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

எங்கள் பக்கத்தில் எதற்கும் பேனர் வைப்பார்கள். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் உண்டு. வைக்கக்கூடாது என்று அரசாங்கம் சொல்லும், கொம்யூன் வண்டி வந்து பிரித்துப் போடும், மறுநாள் இன்னொன்று நிற்கும். என் வீட்டுக்காரர் பிறந்தநாளுக்கு அந்தப் பையன்கள் ஒவ்வொரு வருஷமும் பஸ் நிறுத்தத்தில் பேனர் வைத்தார்கள். கட்டுமஸ்தான ஒரு உடம்பு, முதுகில் பறக்கிற சிவப்புத் துணி, முன்னால் நீட்டிய முஷ்டி, கழுத்துக்குமேல் என் புருஷன் தலை. கீழே வரிசையாகப் பையன்களின் பாஸ்போர்ட் சைஸ் முகங்கள். அவர் வேண்டாம் வேண்டாம் என்பார். அந்தப் பக்கம் போகும்போது அவர் வண்டி தானாக மெதுவாகும்.

வில்லியனூரில் பேனர் அடித்துத் தருகிற தம்பி எங்களுக்குத் தெரிந்தவன்தான். போனில் எடுத்த படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, வெளுக்க வைத்து, கண்ணுக்குக் கீழே கருப்போ வீக்கமோ இருந்தால் துடைத்துவிடுவான். அது அவன் தொழில். எல்லார் முகத்துக்கும் அப்படித்தான் செய்வான். ஒரு வருஷம் பேனர் வாங்கப் போன பையன்களிடம், "அண்ணன் மூஞ்சி முன்னமாதிரி ஒட்டிப்போயி இல்ல, நல்லா பூசினாப்ல ஆயிட்டாரு. எனக்கு வேலை கம்மி" என்றானாம். வீட்டுக்கு வந்து இவரே சொல்லிச் சிரித்தார்.

பூசினாற்போல. இந்த ஒரு வார்த்தையால் நாங்கள் மோசம் போனோம். எங்கள் பக்கத்தில் கன்னம் கொஞ்சம் உப்பினால் வாழ்க்கை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். கோயில் வாசலில் கிழவிகள் என்னைப் பார்த்து, "புருஷனுக்கு நல்லா ஆக்கிப் போடற போலிருக்கு" என்றார்கள். நாத்தனார் தம்பி முகத்தை வழித்துத் திருஷ்டி முறித்தார். காலில் செருப்பு பிடிக்கிறது என்றபோது அடுத்த சைஸ் வாங்கினோம். காலையில் இமை தடித்திருந்தால் தூக்கம் போதவில்லை என்று நினைத்தோம். அது சதை இல்லை, நீர் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவருக்குத் தெரிந்திருந்தது. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. ரத்ததான முகாமில் ஒருமுறை பிரஷர் பார்த்துவிட்டு, நீங்கள் ரத்தம் கொடுக்கக்கூடாது, உடனே டாக்டரைப் பாருங்கள் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். வெளியே வந்து பையன்களிடம், கொடுத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறார். ஊசி குத்தாத கையில் பஞ்சை வைத்து மடக்கிக்கொண்டு வந்தாராம். தலைவலி மண்டையைப் பிளக்கும்போதெல்லாம் மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு கம்பத்தில் ஏறியிருக்கிறார். வீட்டுக்கு வந்து ஒன்றுமே நடக்காத மாதிரி சோறு சாப்பிட்டிருக்கிறார். நான்தான் பரிமாறினேன்.

திருவிழாக் கொடியேற்றத்துக்கு முந்தின நாள் மத்தியானம், கோபுரத்தில் சீரியல் செட் கட்டிவிட்டு இறங்கியவர், சம்மனசு சுரூபத்தின் பீடத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. பையன்கள் ஏதோ நடிக்கிறார் என்று நினைத்து, "எழுந்திரு ஹீரோ!" என்று கை தட்டினார்களாம். அவரும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியிருக்கிறார். வாந்தி எடுத்த பிறகுதான் அவர்களுக்கு உறைத்தது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். நான் கம்பெனியிலிருந்து போய்ச் சேர்ந்தபோது டாக்டர் சொன்னார், இரண்டு கிட்னியும் போய்விட்டது, பிரஷர் பல வருஷமாக இருந்திருக்கிறது, வலி மாத்திரையும் சேர்ந்து கெடுத்திருக்கிறது என்று. எப்படிம்மா ஒருத்தருக்கும் தெரியாமல் போனது என்றும் கேட்டார்.

"சொன்னா நீங்க பயந்துடுவீங்கன்னுதான்" என்றார் இவர், படுக்கையில் இருந்தபடி. அந்த நிமிஷம் அவரை அறைந்தால் தேவலை என்று இருந்தது. அறையவும் முடியாமல், கட்டிக்கொண்டு அழவும் முடியாமல், வார்டு வராந்தாவில் போய் நின்றேன்.

மாற்றுக் கிட்னி வைத்தால் பழையபடி வேலைக்குக்கூடப் போகலாம் என்றார்கள். நெருங்கிய சொந்தம் தருவதுதான் நல்லது. என்னைப் பார்த்தார்கள், என் ரத்த குரூப் சேரவில்லை. நாத்தனார் குரூப் சேர்ந்தது. அதைக் கேட்டதும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் மறக்கவே மாட்டேன். தம்பி ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது ஒரு அக்கா அப்படிச் சந்தோஷப்படலாமா என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். "எங்கிட்ட இருக்குதுடா. உனக்குக் குடுக்கறதுக்கு எங்கிட்ட ஒண்ணு இருக்குது" என்று தம்பி கையைப் பிடித்துக்கொண்டார்.

இவர் கையை உருவிக்கொண்டார். "அதெல்லாம் வேணாங்க்கா."

"ஏன்டா வேணாம்?"

"உனக்கு ரெண்டாவது பொண்ணு இருக்குது. நீ நல்லா இருக்கணும். நான் பாத்துக்கறேன்."

எதைப் பார்த்துக்கொள்வார், எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று யாரும் கேட்கவில்லை. வழக்கமாக அவர் சொல்கிற வார்த்தைதான் அது. ஊரே அந்த வார்த்தையைக் கேட்டுக்கேட்டு நிம்மதியாகத் தூங்கிப் பழகியது.

பையன்கள் பெரிய பேனர் ஒன்று வைத்தார்கள். மீண்டும் வருகிறார் எங்கள் ஹீரோ என்று எழுதி, பழைய உடம்பு, பழைய சிவப்புத் துணி, பழைய முஷ்டி. ஆசையாகத்தான் வைத்தார்கள், அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்து, "எல்லாப் படத்துலயும் இன்டர்வெல்ல ஹீரோ வுழுவாருண்ணா. செகண்ட் ஹாஃப்ல பாரு" என்றார்கள். இவரும் சிரித்தார். டயாலிசிஸ் ஏற்றுவதற்காகக் கையில் ரத்தக்குழாயை இணைத்து ஒரு ஆபரேஷன் செய்திருந்தார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே விர்ரென்று ஓடுவது தெரியும். ஒவ்வொருத்தனாகத் தொட்டுப் பார்த்து, "அண்ணா கைல மோட்டார் ஓடுதுடா!" என்றான்கள். என் மகள் பள்ளிக்கூடத்தில் போய், அப்பா கையில் பவர் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தாள். அவர் அவளைத் திருத்தவில்லை. என்னையும் திருத்த விடவில்லை.

நாத்தனார் வாரம் தவறாமல் வந்து கேட்டார். முதலில் கெஞ்சினார், அப்புறம் திட்டினார், பங்குச் சாமியாரை வைத்துச் சொல்லவைத்தார். இவர் பிடி கொடுக்கவில்லை. நானும் சண்டை போட்டுப் பார்த்தேன். ஒருநாள் ஆத்திரத்தில், "உங்க பெட்டியில இருக்கிற அத்தனை பேர்ல ஒருத்தனாவது அடுத்தவங்ககிட்ட கை நீட்டிக் கேட்டிருக்கானா, காட்டுங்க பாக்கலாம். அதான் உங்களுக்குத் தெரியல" என்று கத்தினேன். அவர், "அவ உடம்பக் கிழிச்சி நான் வாழணுமாடி?" என்றார். அந்தக் குரல் உடைந்திருந்தது. வீம்பு மட்டும் இல்லை அது, பாசமும்தான். இரண்டையும் பிரித்துப் பார்க்க அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அப்படியே ஒரு திருவிழா போய் இன்னொரு திருவிழா வந்தது.

ஒருநாள் டயாலிசிஸ் முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். எங்கள் நிறுத்தத்தில் இறங்கும்போது அவருக்குக் கால் மடங்கிவிட்டது. படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். பின்னால் வந்த கீரைக்காரம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு, அவரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி இறக்கிவிட்டார். முன்பின் தெரியாத பெண்பிள்ளை. "மெதுவா எறங்குப்பா, ஒண்ணும் அவசரமில்ல" என்றார். அவ்வளவுதான் நடந்தது. எதிரே பேனர் வெயிலில் வெளிறிப் போய் நின்றது. இவர் அதைப் பார்க்கவில்லை, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டிருந்த அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னிடம், "அக்காவ வரச் சொல்லு" என்றார்.

நாத்தனார் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்தார். நெற்றி முழுக்க வேர்வை. மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, மறுநாளே டெஸ்ட்டுக்குக் கிளம்பினோம். பஸ்ஸில் அவர் பேசிய பேச்சுக்கு அளவே இல்லை. எந்தப் பக்கத்துக் கிட்னியை எடுப்பார்கள், எத்தனை மாசம் பாரம் தூக்கக்கூடாது என்று முன்சீட்டுக்காரரிடமெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார். கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி நல்ல புடவை கட்டியிருந்தார்.

டெஸ்ட்டில் நாத்தனாருக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. இருப்பது மட்டுமில்லை, அவருடைய கிட்னியையும் அது லேசாகத் தொட ஆரம்பித்திருந்தது. நாத்தனாரிடமிருந்து எடுக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதலில் சொன்னபோதே வந்திருந்தால் எடுத்திருக்கலாமா என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. "அப்ப இருந்ததா இல்லையான்னு இப்ப எப்படிம்மா சொல்றது? அப்பவே பாத்திருக்கலாம்" என்றார்.

வெளியே பெஞ்சில் இவர் உட்கார்ந்திருந்தார். நாத்தனார் எதிரே போய் நின்றார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை.

"எனக்கு எல்லாம் நீதான்டா செஞ்ச. எம் பொண்ணுங்களுக்கும் செஞ்ச. என் வூட்ல எந்தப் பொருளத் தொட்டாலும் அது நீ குடுத்ததுதான்" என்றார். "ஒரே ஒரு தபா நான் குடுக்கறேன்னு வந்தேன். வாங்கிக்கலயேடா நீ. வாங்கறவளாவே இருன்னு வுட்டுட்டியேடா."

இவர் தலை நிமிரவில்லை. அவ்வளவு காலமும் நான் கணவனின் உயிரைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்த அக்கா இத்தனை வருஷமாக எதற்காகக் காத்திருந்தார் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. வாங்கிக்கொண்டே இருப்பதும் ஒரு பாரம்தான் என்று எங்கள் வீட்டில் யாரும் நினைத்துப் பார்த்ததில்லை.

படங்களைத் திட்டித் தீர்த்துவிடலாம். எனக்கு அது சுலபம். ஆனால் அந்தப் பையன்கள் அதே படங்களைப் பார்த்துத்தான் இன்று மாறிமாறிப் போய் ரத்தம் கொடுக்கிறார்கள், அதையும் சொல்லவேண்டும். அவர்கள் உதவுகிற பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இவர் முகமூடியையும் சேர்த்து எடுத்துக்கொண்டார். ஊருக்கும் எங்களுக்கும் அந்த முகமூடி வசதியாக இருந்தது. இறந்தவர்களிடமிருந்து கிடைக்கிற கிட்னிக்குப் பெயர் பதிந்து வைத்திருக்கிறோம். போன் அடித்தால் இன்னமும் எனக்கு நெஞ்சு ஒருமுறை தூக்கிப் போடுகிறது.

போன மாசம் அவருக்குப் பிறந்தநாள். பேனர் வேண்டாம் என்று அவரே பையன்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போகலாம் என்றார். பின்தெருதான் என்றாலும் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று வந்தார். நாத்தனார் வீட்டில் ஷீட் சூடு இறங்காமல் இருக்க உள்பக்கமாகப் பழைய பேனரைக் கட்டியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் பாதி வீட்டில் அப்படித்தான். படம் கீழ்ப்பார்த்து இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து அண்ணாந்தால் தலைக்குமேல் சிவப்புத் துணி பறக்க, முஷ்டியை நீட்டிக்கொண்டு, கண்ணுக்குக் கீழே ஒரு சுருக்கமும் இல்லாமல் இவர்தான். கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆளு நல்லா இருக்கான் இல்ல?" என்றார் என் மகளிடம்.

நாத்தனார் கெளுத்தி வாங்கவில்லை, தம்பிக்கு உப்பும் புளியும் ஆகாது. வெறும் இட்லியை உதிர்த்துக் கொடுத்தார். இவர் வேண்டாம் என்று சொல்லாமல் இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார். அப்புறம் தண்ணீர். டயாலிசிஸ்காரர்களுக்குத் தண்ணீர் அளவுதான், கொஞ்சம் கூடினால் நுரையீரலில் போய் நிற்கும். நாத்தனார் அரை டம்ளர் ஊற்றிக் கொடுத்தார். இவர் ஒவ்வொரு வாயாக நிறுத்திக் குடித்து முடித்தார். அன்று வெயில் கடுமை. உதடெல்லாம் காய்ந்திருந்தது.

காலி டம்ளரை அக்கா பக்கம் நீட்டினார். அவர் எதையும் யாரிடமும் அப்படி நீட்டி நான் பார்த்ததில்லை.

"இன்னும் கொஞ்சம் குடுக்கா."

நாத்தனார் கையில் செம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. என்னைப் பார்த்தார். நான் தலையை அசைத்தேன். அவர் செம்பைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "அவ்ளோதான்டா கண்ணு" என்றார்.